விளையாட்டுக் கனவும் வீட்டாரின் கடமையும்



மாலை நான்கு மணிக்குமேல் நம் பங்குகளில் எந்தத் தெருவுக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். கோயில் முற்றத்திலோ, அறுவடை முடிந்த வயலிலோ, கடற்கரை மணலிலோ சிறுவர் கூட்டம் ஒன்று பந்தைத் துரத்திக்கொண்டிருக்கும். அக்கூட்டத்தில் ஒருவனேனும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தன் சட்டையின் முதுகில் தாங்கியிருப்பான். பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். கணமும் தயங்காது, "இந்தியாவுக்காக ஆடப் போகிறேன்" என்பான்.

இந்தச் சொல் வீட்டினுள் நுழையும்போது இருவகை வரவேற்பைப் பெறுகிறது. சில வீடுகளில், "பந்து சோறு போடுமா?" என்னும் ஒரே கேள்வியால் அது வாசற்படியிலேயே வீழ்த்தப்படுகிறது. வேறு சில வீடுகளிலோ, அயலார் இருவர் புகழ்ந்த புகழ்ச்சியை நம்பி, தாயின் நகையை அடகு வைத்து, மகனைப் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துப் பள்ளிப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். இருசாராரும் பிள்ளையின்பால் அன்புடையோரே. ஆயினும் முன்னவர் இறைவன் தந்த திறனை மண்ணில் புதைக்கின்றனர். பின்னவர் அத்திறன் தாங்க மாட்டாத சுமையை அதன்மேல் ஏற்றுகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வழி யாது என்பதையே இத்திங்கள் நாம் சிந்திக்க விழைகிறோம்.

திருச்சபை காட்டும் நெறி

விளையாட்டு வீண் வேலை என்பது திருச்சபையின் எண்ணம் அன்று. இளைஞரின் தந்தையெனப் போற்றப்பெறும் புனித தொன் போஸ்கோ, சிறுவனாயிருந்தபோது கயிற்றின்மேல் நடக்கவும் கழைக்கூத்தாடியரின் வித்தைகளைச் செய்யவும் கற்று, அவற்றைக் காணக் கூடிய ஊர்ப் பிள்ளைகளைச் செபத்திற்கும் அழைத்துச் சென்றவர். பிற்காலத்தில் அவர் நிறுவிய இல்லங்களில் சிற்றாலயத்திற்கும் வகுப்பறைக்கும் உள்ள சிறப்பு விளையாட்டுத் திடலுக்கும் இருந்தது. 1906-ஆம் ஆண்டில் அவருடைய சபையினர் தஞ்சாவூரில் வந்து இறங்கியபோது அந்த மரபும் அவர்களோடு வந்தது.

புனிதராம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் இளமையில் போலந்து நாட்டின் வாடோவிசே ஊரில் கால்பந்தாட்டத்தில் இலக்குக் காவலராக ஆடியவர். 2018-ஆம் ஆண்டு சூன் முதல் நாளில், விளையாட்டைக் குறித்துத் தனியானதோர் ஏட்டை வத்திக்கான் வெளியிட்டது. தன்னால் இயன்ற சிறந்ததை அளித்தல் என்பதே அதன் தலைப்பின் பொருள். மற்றவரை வெல்லுதல் என்று அதற்குப் பெயரிடவில்லை என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்வது நன்று.

புனித சின்னப்பரோ கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் மடலில் பந்தயத் திடலையே உவமையாக்கினார். அந்நகருக்கு அருகில் ஈராண்டுக்கு ஒருமுறை பெரும் போட்டிகள் நடைபெற்றன. வென்றவர்க்குக் கிடைத்தது வாடிப் போகும் இலைமுடி. ஓடுவோர் பலர், பரிசு பெறுபவர் ஒருவர் என்பதை அம்மக்கள் கண்ணாரக் கண்டிருந்தனர். அந்த ஓட்டக்காரரின் தன்னடக்கத்தையும் பயிற்சியையும் அடிகளார் மெச்சினார். ஆனால் அவர்கள் நாடிய முடி வாடும் முடி என்பதையும் மறைக்காமல் எழுதினார். இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவு நமக்கும் வேண்டும்.

எண்ணிக்கை கூறும் உண்மை

கிரிக்கெட் கனவு காணாத சிறுவன் இன்று அரியன். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம். 2024 நவம்பரில் ஜித்தா நகரில் நடந்த இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்திற்குப் பெயர் பதிந்தவர் 1,574 பேர். அணிகள் முன்னரே தக்கவைத்துக்கொண்ட சிலர் நீங்கலாக, அந்த ஏலத்தில் இடம் பெற்றவர் 182 பேர் மட்டுமே. பெயர் பதிந்த 1,574 பேரும் தெருவில் ஆடிக்கொண்டிருந்தவர் அல்லர். அவர்களுட் பெரும்பாலோர் தத்தம் மாவட்டத்தில் நிகரற்றவர் எனப் பெயரெடுத்து, மாநில அணியின் வாயில்வரை வந்தவர். அவர்களிலும் எட்டில் ஏழு பங்கினர் வெறுங்கையுடன் திரும்பினர்.

ஒலிம்பிக்கை நோக்குவோம். 2024-இல் பாரிஸ் நகருக்கு நம் நாட்டிலிருந்து சென்றவர் 117 பேர். பெற்ற பதக்கங்கள் 6; ஒன்று வெள்ளி, ஐந்து வெண்கலம். 140 கோடிக்கு மேற்பட்ட மக்களுள் 117 பேரில் ஒருவராதலே அரியதோர் பேறு. பதக்கம் அதனினும் அரிது.

இவ்வெண்களைப் பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுப்பதற்காக நாம் கூறவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் இவற்றைத் தாராளமாகத் தாங்குவான். உண்மையை அறிந்தபின்னும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறவனுடைய கனவே உறுதியான கனவு. அவனிடம் இதை மறைத்து, "நீ கட்டாயம் வருவாய்" என்று நாள்தோறும் கூறுவதுதான் கொடுமை. நம் கையில் இல்லாத ஒன்றை அவனுக்கு வாக்களிப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

நூறில் ஒரு பங்கு வினாடி

கேரளத்தின் பய்யோளி என்னும் கடற்கரை ஊரில் வளர்ந்த பி. டி. உஷா, 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடினார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.42 வினாடி. வெண்கலம் பெற்றவரின் நேரம் 55.41 வினாடி. ஒரு வினாடியை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு! அந்த ஒரு கூற்றினால் அவர் நான்காம் இடத்தில் நின்றார். எத்தனை ஆண்டு உழைப்பும் இத்தகைய நூலிழையில் தொங்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் அவர் என் செய்தார் என்பதையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். மறு ஆண்டு, 1985-இல், ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார். ஓட்டத்தினின்று ஓய்வு பெற்றபின் 2002-இல் தடகளப் பள்ளி ஒன்றை நிறுவி ஏழை வீட்டுச் சிறுமியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அங்குப் பயின்ற டின்டு லூக்கா 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடினார். பதக்க மேடையில் இடம் பெறாத ஒருவரின் உழைப்பு இவ்வாறு பலருக்கு வாழ்வாயிற்று. "பதக்கம் இல்லையேல் எல்லாம் பாழ்" என்று அவர் வீட்டார் எண்ணியிருந்தால் இவற்றுள் எதுவும் நிகழ்ந்திராது.

ஒரு தாயின் வழி

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். சென்னையில் 1953-இல் பிறந்த விஜய் அமிர்தராஜ், சிறுவயதில் நுரையீரல் நோயால் வருந்தி மருத்துவமனையில் நெடுநாள் கழித்தவர். உடல் தேறும் பொருட்டே அவர் கையில் டென்னிஸ் மட்டை கொடுக்கப்பட்டது. நோயினால் மகன் பள்ளிக்குச் செல்ல இயலாத நாள்களில் அவருடைய தாயாரே வகுப்பில் சென்று அமர்ந்து, பாடங்களைக் குறித்து வந்து மகனுக்குக் கற்பித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தப் பிள்ளை வளர்ந்து 1973-இலும் 1981-இலும் விம்பிள்டன் ஆட்டத்தில் காலிறுதிவரை முன்னேறினார். அவருடைய சகோதரர் ஆனந்தும் நாட்டுக்காக ஆடினார்.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டுவது விம்பிள்டன் அன்று. நோயாளிப் பிள்ளைக்கு மட்டையும் வேண்டும், பாடமும் வேண்டும் என அத்தாய் கருதினார் என்பதே. ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவில்லை. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தும் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். எனினும் லயோலா கல்லூரியில் வணிகவியல் பயின்று பட்டமும் பெற்றார். உலக அரங்கில் நின்றவர்க்கே பட்டப்படிப்பு இடையூறாக இருக்கவில்லை என்றால், மாவட்ட அளவில் ஆடும் நம் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு எவ்வாறு இடையூறாகும்?

அளந்து பார்த்தல்

சரி, நம் பிள்ளைக்கு உண்மையிலேயே திறன் உண்டா என்பதை எவ்வாறு அறிவது? தாய் தந்தையரின் கண் இதற்கு நல்ல அளவுகோல் அன்று. உறவினரின் புகழ்ச்சியும் அன்று. கட்டணம் வாங்கும் பயிற்சிக்கூடத்தாரின் சொல்லையும் ஓரளவுக்கே நம்பலாம். முதலில் அணுக வேண்டியவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காண்பவர் அவர். நம் பிள்ளையைப் புகழ்வதால் அவர் பெறுவது ஏதுமில்லை.

அடுத்து, போட்டிகளின் படிகளைக் கவனியுங்கள். நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எனப் படிகள் உள்ளன. பதினான்கு வயதில் குறுவட்டத்தைத் தாண்டாத பிள்ளை, பதினேழில் மாநிலத்தை எட்டுவதும் உண்டு. வளர்ச்சி எல்லார்க்கும் ஒரே வயதில் வருவதில்லை. ஆதலால் ஒரு தோல்வியைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. ஆயின் ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையின்போது, பிள்ளையும் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாய் அமர்ந்து, சென்ற ஆண்டில் ஓடிய நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் இவ்வாண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. கடிகாரமும் அளவுநாடாவும் முகத்துதி செய்வதில்லை.

உடலின் அளவையும் மறத்தலாகாது. வளரும் பிள்ளையின் எலும்பு முற்றாத எலும்பு. எட்டு வயதிலேயே ஒரே ஆட்டத்தில் ஆண்டு முழுவதும் ஈடுபடுத்தினால் முழங்காலும் தோளும் விரைவில் பழுதுறும். பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்திற்கு மேற்படாமல் முறையான பயிற்சி இருக்கட்டும் என்பது விளையாட்டு மருத்துவர் கூறும் எளிய கணக்கு. பன்னிரண்டு வயதினனுக்கு வாரத்திற்குப் பன்னிரண்டு மணி நேரம்; அதிலும் ஒரு நாளேனும் முழு ஓய்வு. முட்டையும் வேர்க்கடலையும் பயறும் போதிய உறக்கமும், விலையுயர்ந்த மாவுப் பொட்டலங்களினும் மேலானவை.

வீட்டுப் பணமும் உடன்பிறந்தோரும்

ஒரு பிள்ளையின் கனவுக்காகக் குடும்பம் முழுவதும் கடனில் ஆழ்வது அறமாகாது. வீட்டு மனையை விற்றுப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட சிறுவன், தன் தோளில் மட்டையை மட்டும் தூக்கிச் செல்வதில்லை. அந்த மனையையும் தூக்கிச் செல்கிறான். ஒவ்வோர் ஆட்டத்திலும் அவன் கண்முன் நிற்பது பந்து அன்று, கடன் பத்திரமே. அச்சத்தோடு ஆடுகிறவன் நன்றாக ஆடுவதும் அரிது.

செலவின்றிக் கிடைக்கும் வாய்ப்புகளை முதலில் நாடுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பல மாவட்டங்களில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தேர்வு பெறும் மாணவர்க்கு அங்கே உணவும் உறைவிடமும் பயிற்சியும் அளித்துப் பள்ளியிலும் சேர்க்கின்றனர். அத்தேர்வில் கலந்துகொள்வதே பிள்ளையின் தரத்தை அறிய நல்ல வாய்ப்பு. இவற்றை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள ஊரில் பெருங்கட்டணம் செலுத்துமுன், இரண்டு முறையன்று, பத்து முறை எண்ணுங்கள்.

மற்றொன்றையும் வருத்தத்துடன் கூறவேண்டியுள்ளது. மகனின் மட்டைக்குப் பணம் தேடும் வீட்டில், மகளின் கல்லூரிக் கட்டணம் மட்டும் ஏன் சுமையாகிறது? நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிறுமி பருவமெய்தியதும், "இனி என்ன ஓட்டம்?" என்று நிறுத்தப்படுவதும் ஏன்? திடலுக்குத் துணைக்கு வர ஆளில்லை என்பது காரணமானால், அத்துணையை ஏற்பாடு செய்வது பங்கின் அன்னையர் சங்கத்திற்கு அரிய செயலன்று. தாயர் நால்வர் முறை வைத்துக்கொண்டால் பத்துச் சிறுமியரின் மாலைப் பயிற்சி தடையின்றி நடைபெறும். பெண் பிள்ளைக்கும் இறைவன் தாலந்து அளித்துள்ளார்; அதற்கும் கணக்குக் கேட்பார்.

குறுக்கு வழிகள்

கனவு பேராசையாகும்போது பொய் நுழைகிறது. வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் பிரிவில் ஆடச் செய்வது அதில் முதலாவது. திருமுழுக்குச் சான்றில் ஓர் ஆண்டை மாற்றித் தரலாகாதா என்று பங்குத் தந்தையிடம் கேட்கும் எண்ணம் எவர்க்கும் எழலாகாது. அப்பதிவேடு இறைவன் திருமுன் எழுதப்பட்டது. மேலும் அப்பொய் நெடுநாள் நிலைப்பதுமில்லை. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் முறையை இந்தியக் கிரிக்கெட் வாரியம் சிறுவர் பிரிவில் கையாண்டு வருகிறது. அகப்பட்டுக்கொள்பவன் சிறுவன், பொய்யை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரியவர்.

இரண்டாவது ஊக்க மருந்து. பயிற்சிக்கூடத்தில் எவரோ கொடுத்த ஊசியோ மாத்திரையோ, "சத்து மருந்து" எனப் பெயர் சூட்டப்பெற்ற தூளோ, தடை செய்யப்பட்ட பொருளைக் கொண்டிருக்கலாம். உடலில் அப்பொருள் காணப்பட்டால், "எனக்குத் தெரியாது" என்ற மறுமொழி எளிதில் ஏற்கப்படுவதில்லை. தன் உடலுக்குள் செல்வதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பதே விதி. நான்கு ஆண்டுகள்வரை தடை விதிக்கப்படலாம். இருபது வயதில் நான்கு ஆண்டு தடையென்றால் அநேகமாக வாழ்நாள் தடைதான். ஆகவே மருத்துவர் எழுதித் தராத எதனையும் வாங்கி உண்ணலாகாது என்பதைப் பிள்ளைக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் வழி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூர் தொடங்கி அடுத்தடுத்து உள்ள நம் மீனவ ஊர்களில் கால்பந்தாட்டம் மூச்சைப் போன்றது. அவற்றுள் ஒன்றான இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் தம் திறனால் உயர்ந்து, கொல்கத்தாவின் பெயர்பெற்ற அணியில் இடம் பெற்றார். 2020 நவம்பரில் அப்பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று, பருவம் முழுவதும் ஆட இயலாது போயிற்று. அவர் சோம்பலுக்கோ திறன் குறைவுக்கோ இதில் இடமேயில்லை. உச்சியை எட்டியவருக்கும் ஒரு நொடியில் இவ்வாறு நேரலாம். அதனாலேயே, எவ்வளவு சிறந்த ஆட்டக்காரனுக்கும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்கிறோம். கடலுக்குச் செல்வோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒற்றைக் கயிற்றை நம்பி எவரும் படகைக் கட்டுவதில்லை.

அந்த இரண்டாம் வழி, விளையாட்டை விட்டு விலகிச் செல்லும் வழியாகவும் இருக்க வேண்டுவதில்லை. சென்னையில் 1920-இல் தொடங்கப்பெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூறாண்டைக் கடந்து ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உண்டு. பாட்டியாலாவில் 1961-இல் நிறுவப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர்க்கான பட்டயம் பெறலாம். காயமுற்றோரைத் தேற்றும் இயன்முறை மருத்துவம் கற்கலாம், நடுவராகலாம். இரயில்வேயிலும் காவல் துறையிலும் விளையாட்டு வீரர்க்கெனப் பணியிடங்கள் உள்ளன. தமிழக அரசுப் பணிகளிலும் அவர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் இவை ஒவ்வொன்றும் கேட்பது குறைந்தபட்சக் கல்வித் தகுதியை. பத்தாம் வகுப்பில் படிப்பைக் கைவிட்டவனுக்கு இவ்வாயில்களுட் பெரும்பாலானவை அடைபட்டுவிடும். "படித்தால்தான் ஆட விடுவேன்" என்று அச்சுறுத்துவதைவிட, "ஆட்டம் உனக்கு நெடுநாள் துணை வரவேண்டுமானால் படிப்பும் வேண்டும்" என இவற்றை விளக்கிக் கூறுவது பயன் தரும்.

பட்டியலில் பெயர் இல்லாத நாள்

இனி நாம் கூறவிருப்பதே இவையனைத்திலும் முதன்மையானது. பெரும்பாலான விளையாட்டுக் கனவுகளுக்கு ஒரு நாள் உண்டு. அறிவிப்புப் பலகையில் தேர்வு பெற்றோர் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளை மேலிருந்து கீழே வாசிப்பான்; கீழிருந்து மேலேயும் வாசிப்பான். அவன் பெயர் அதில் இராது. அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில் அவன் என்ன எண்ணுவான்? "அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்" என்றே எண்ணுவானாயின், அவ்வீட்டில் ஏதோ பிழையுள்ளது. "வீட்டுக்குப் போய்விட்டால் போதும்" என்று எண்ணுவானாயின், அப்பெற்றோர் தம் கடமையைச் செய்தவராவர்.

அந்நாளில் சொல்லத் தகாதன சில உள. "உனக்காக எவ்வளவு செலவழித்தோம் தெரியுமா?" என்று கணக்கு வாசிக்காதீர். "நான் அன்றே சொன்னேன்" என்று வெற்றி கொண்டாடாதீர். "எல்லாம் பணமும் சிபாரிசும்தான்" என்று தேர்வுக் குழுவினரைத் தூற்றாதீர். அநீதி நடப்பதும் உண்டு. உண்மையாகவே நடந்திருந்தால் முறையாக எழுதிக் கேளுங்கள். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் பிறரைக் காரணமாக்கப் பழகிய பிள்ளை, வாழ்நாள் முழுவதும் அதையே செய்துகொண்டிருப்பான். சேர்ந்து உண்ணுங்கள். குடும்ப செபத்தில் அவனும் முழந்தாளிடட்டும். விரும்பாவிடில் அருகில் அமர்ந்திருக்கட்டும். இரண்டு மூன்று நாள் சென்றபின், தொடர்ந்து ஆட விரும்புகிறாயா என்று அமைதியாகக் கேளுங்கள். அவன் "ஆம்" என்றாலும் "இல்லை" என்றாலும் அவனை இழிவாக நோக்காதீர்.

தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் அடிக்கடி கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்தை ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டை ஈட்டினான். தலைவன் இருவரையும் பாராட்டியபோது ஒரே சொற்களாலேயே பாராட்டினான். இரண்டு பெற்றவனிடம், "ஏன் பத்தைக் கொண்டுவரவில்லை?" என்று கேட்கவில்லை. இந்தியாவுக்காக ஆடுபவன் ஐந்து தாலந்து பெற்றவன். பங்கு அணிக்காக ஆடி, நேர்மையாகத் தோற்கவும் பெருமையின்றி வெல்லவும் கற்று, தன் உடலைக் குடிக்கும் போதைக்கும் விற்காமல் காத்துக்கொண்டவன் இரண்டு தாலந்து பெற்றவன். இறைவன் திருமுன் இவ்விருவர்க்கும் கிடைக்கும் பாராட்டு ஒன்றே. இதை நம் பிள்ளை தன் இல்லத்திலேயே முதலில் கேட்கட்டும்.

ஞாயிறும் திடலும்

முடிவாக ஒரு நடைமுறைச் செய்தி. போட்டிகள் பலவும் ஞாயிறு காலையில் நடைபெறுவதால் திருப்பலியும் மறைக்கல்வியும் கைவிடப்படுகின்றன என்பது பங்குத் தந்தையர் பலரின் மனக்குறை. ஞாயிறு கடமையைச் சனி மாலைத் திருப்பலியிலும் நிறைவேற்றலாம் எனத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. போட்டி நாள் முன்னரே தெரியுமாதலால், பெற்றோரும் முன்னரே திட்டமிடலாம். மறைக்கல்வி வகுப்பு ஒன்று தவறினால் ஆசிரியரிடம் கேட்டுப் படித்துக்கொள்ளச் செய்யுங்கள். பங்கின் இளைஞர் இயக்கங்களும் தம் போட்டிகளைத் திருப்பலிக்குப் பின்னர்த் தொடங்குமாறு அமைத்தல் நலம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கனவைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. முழு மனத்தோடு ஓடுங்கள். முழு வலிமையோடு ஆடுங்கள். பள்ளிப் பாடத்தையும் அவ்வாறே படியுங்கள். தேர்வு பெறாத நாளில் நேரே வீட்டுக்கு வாருங்கள். பெற்றோரே, அந்நாளில் கதவைத் திறந்து வைத்திருங்கள். இவ்வாரமே ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, உங்கள் மகனோ மகளோ ஆடும் திடலுக்குச் சென்று, ஓரமாக நின்று, எந்த ஆலோசனையும் கூறாமல் ஆட்டம் முடியும்வரை பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பும் வழியில், "நீ ஆடுவதைப் பார்க்க எங்களுக்கு மகிழ்ச்சி" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவற்றை இறைவன் பார்த்துக்கொள்வார்.